அரங்குக்குள்ளே பன்னிரண்டு குழி

எறும்புதான் காட்டிக்கொடுத்தது. போன சித்திரையில் ஒரு காலை, அடுப்பங்கரைச் சுவரில் சிற்றெறும்புச் சாரை ஒன்று ஃப்ரிட்ஜின் முதுகு வழியாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. சீனி டப்பா அங்கே இல்லையே என்று ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தால், சாரை போய் நின்ற இடம் ஒரு ஒயின் பாட்டிலின் கழுத்து. தொட்டால் பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது.

அக்காவும் அத்தானும் ஆஸ்திரேலியாவில், அடிலெய்டில் இருக்கிறார்கள். அங்கேயிருந்து ஒரு மணி நேரம் காரில் போனால் பரோசா பள்ளத்தாக்கு, கண்ணுக்கு எட்டின மட்டும் திராட்சைத் தோட்டம். ஊருக்கு வரும்போதெல்லாம் ஆளுக்கு இரண்டு பாட்டில் பெட்டியில் துணிக்கு நடுவே சுருட்டிக் கொண்டுவந்துவிடுவார்கள், ஒரு ஆளுக்கு இரண்டு லிட்டர் வரை சுங்க வரி கிடையாது என்பதால் முக்கால் லிட்டர் பாட்டில் இரண்டு கணக்காக அடங்கும். நான் வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ திறந்தால் அதிகம். இரண்டு பயணத்தில் எட்டு பாட்டில் சேர்ந்து, வேறு இடம் தெரியாமல் ஃப்ரிட்ஜ் தலையில் ஏறிவிட்டன. படுக்கப்போட்டு, உருண்டுவிடாமல் இரண்டு பக்கமும் துண்டைச் சுருட்டி அண்டை கொடுத்து வைத்திருந்தேன். ‘ஒயின் பாட்டிலைப் படுக்கத்தான் வைக்க வேண்டும்’ என்ற அளவுக்கு மட்டும் எனக்கு ஞானம் இருந்தது.

நடந்தது இதுதான். வெக்கையில் உள்ளே இருக்கிற ஒயின் விரியும், விரிந்தால் போக இடம் வேண்டும், கண்ணாடி இளகாது, கார்க் இளகும். பகலில் கொஞ்சம் வெளியே கசியும், ராத்திரி சூடு குறையும்போது உள்ளே காற்றை இழுக்கும். காற்று புகுந்துவிட்டால் அந்த பாட்டிலை மறந்துவிடலாம். நான் அன்றைக்கே திறந்து பார்த்தேன், வேக வைத்த திராட்சை மாதிரி ஒரு வாசம், ருசி செத்துப்போயிருந்தது. ஃப்ரிட்ஜின் பின்புறச் சூடு முழுக்க மேலே போகிறது, மோட்டார் ஓடும்போதெல்லாம் அதிர்வு வேறு. வீட்டிலேயே ஆகாத இடத்தைத் தேடிப் பிடித்து வைத்திருக்கிறேன்.

சரி, ஒரு ஒயின் ரேக் வாங்கிவிடுவோம் என்று ஆன்லைனில் ஒன்று போட்டேன். படத்தில் அழகு. ‘திட மரம்’ என்று எழுதியிருந்ததே தவிர என்ன மரம் என்று இல்லை. வந்தது மாமரம், அதுவும் பாதிக்கு மேல் வெள்ளை. வைரம் இல்லாத மரத்தின் வெளிப்பகுதியைத்தான் ஆசாரிமார் வெள்ளை என்பார்கள், வண்டுக்குப் பிடித்த பாகம் அதுதான். ஒரு மாதம் கழித்து ரேக்கின் காலடியில் கோதுமை மாவு சிந்தின மாதிரி மெல்லிய தூள், மேலே பார்த்தால் குண்டூசி குத்தின மாதிரி ஓட்டைகள். இது போதாதென்று, ஒல்லி பாட்டில்தான் குழியில் உட்கார்ந்தது. தோள் சரிந்து வயிறு பெருத்த பாட்டில் ஒன்று இருக்கிறது, பினோ நுவார் என்கிற சிவப்பு ஒயின் வருவது, அது உள்ளேயே போகவில்லை. ரேக்கைத் திருப்பி அனுப்புகிற காலக்கெடு முடிந்துபோயிருந்தது. அடுப்பெரிக்கக் கொடுத்துவிட்டேன்.

இந்த ஏமாற்றத்தில்தான் மரம், டிசைன் எல்லாவற்றுக்கும் முன்னால் இடத்தைப் பார்ப்போம் என்று உறைத்தது. ஒயின் வைக்க 12, 13 டிகிரி உகந்தது என்பார்கள், பாளையங்கோட்டையில் அந்தக் குளிர்ச்சிக்கு மெஷின்தான் போட வேண்டும். வீட்டு ஃப்ரிட்ஜ் 4 டிகிரி, அதற்குள்ளே காற்று வறட்சி, மாதக் கணக்கில் வைத்தால் கார்க் காய்ந்து சுருங்கும். ஆகவே இருக்கிற வீட்டில் எது கொஞ்சம் தேவலை என்றுதான் தேட வேண்டும். அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளும் ஒரு சின்ன டிஜிட்டல் வெப்பமானி வாங்கி, ஒவ்வொரு இடத்திலும் மூன்று நாள் வைத்து நோட்டில் எழுதினேன். நல்ல மே மாதம். மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிற மச்சு அறையில் 38 வரை போனது, ராத்திரி ஒன்பது மணிக்கும் 35. ஃப்ரிட்ஜ் தலையில் 37. பட்டாசலில், அதாவது முன்கூடத்தில், 34. படிக்கட்டுக்குக் கீழே நன்றாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், 33, மேற்கு வெயில் அந்தச் சுவரில்தான் சாயங்காலம் முழுக்க அடிக்கிறது. கடைசியில் அரங்கு, வீட்டுக்கு நடுவே இருக்கிற உள்ளறை. தாத்தா காலத்து வீடு, ஒன்றரை அடி சுண்ணாம்புச் சுவர், ஜன்னல் கிடையாது, நாலு பக்கமும் வேறு அறைகள் சுற்றியிருப்பதால் வெயில் நேரே படவே படாது. 30 டிகிரி. பெரிய குளிர்ச்சி ஒன்றும் இல்லைதான், ஆனால் பகலுக்கும் ராத்திரிக்கும் வித்தியாசம் ஒன்றரை டிகிரிதான் காட்டியது. சூடு மட்டுமில்லை, அது ஏறி ஏறி இறங்குவதும் ஒயினுக்கு மோசம். இருட்டும் நல்லதுதான், வெளிச்சம் பட்டாலும் ஒயின் கெடும்.

அம்மாவிடம் சொன்னேன். அவளுக்கு வெப்பமானி எல்லாம் வேண்டியிருக்கவில்லை. “பட்டாசல்ல வச்சிராத, நாலு பேரு வந்து போற வீடு. அரங்குக்குள்ள எங்கனயும் வச்சுத் தொலை” என்றாள். முந்தி நெல் குதிரும் கருப்பட்டிப் பானையும் இருந்த மூலை அது, இப்போது காலியாகத்தான் கிடக்கிறது.

இடம் முடிவானதும் பாட்டிலை அளந்தேன். இதை யாரும் செய்வதில்லை, ஆனால் ரேக் கடையில் வாங்கினாலும் இழைத்தாலும் இதுதான் முதல் வேலை. நேர்த்தோள் பாட்டில், அதாவது பெரும்பாலான சிவப்பு ஒயின் வருவது, வயிறு கிட்டத்தட்ட 76 மில்லிமீட்டர், உயரம் 30 சென்டிமீட்டர். தோள் சரிந்தது 82 வந்தது. நுரை ஒயின் பாட்டில் 88 வரை வரும், கண்ணாடியும் தடிமன். கழுத்து எல்லாவற்றிலும் ஏறக்குறைய 30 தான். அப்படியானால் வயிற்றுக்கு 90 மில்லிமீட்டர் குழி, கழுத்துக்கு 38. ஒரு குழியின் நடுவிலிருந்து அடுத்த குழியின் நடு வரை 110, அப்போதுதான் ஒரு பாட்டிலை எடுக்கும்போது பக்கத்துப் பாட்டிலில் விரல் இடிக்காது. நிறைந்த பாட்டில் ஒன்று 1.3 கிலோ என்று வைத்தால், பன்னிரண்டு பாட்டிலுக்குக் கிட்டத்தட்ட பதினாறு கிலோ. ஒரு சின்னப் பிள்ளையின் எடை. மெல்லிய சட்டத்தில் தொங்கவிடக் கூடாது.

மரத்துக்கு அலைந்ததைப் பெரிதாக எழுத ஒன்றும் இல்லை. வேங்கை நல்ல உறுதிதான், ஈரம் பட்டால் சாயம் விடும், அரங்குத் தரை கறையாகும். வேம்பைப் பூச்சி அண்டாது, ஆனால் முறுக்கிக்கொள்ளும். பூவரசு எனக்குப் பிடித்த மரம், காய்ந்த பலகை வேண்டிய நீளத்தில் கிடைக்கவில்லை. பைன் நகம் பட்டாலே பள்ளம் விழும். அழுத்தின தூள் பலகையை ஆடி மாத ஈரக்காற்றுக்கே காட்ட முடியாது. புதுத் தேக்கு என் பட்ஜெட்டுக்கு மேலே. கடைசியில் பேட்டை போகிற வழியில் இடித்த வீட்டுச் சாமான் விற்கிற ஒரு பழைய மரக்கடையில் இரண்டு நிலைக்கால் கிடைத்தது, ஐந்துக்கு மூன்று இஞ்சு, தேக்கு. பக்கத்திலேயே கோங்கும் கிடந்தது, விலை குறைவு, கை போட்டுத் தூக்கினால் இரும்பு. அதைத்தான் முதலில் பார்த்தேன். கூட வந்த ஆசாரி அண்ணாச்சி, “அதுல கை வச்சியன்னா உளிதான் திரும்பும், மரம் திரும்பாது” என்று என்னைத் தேக்குப் பக்கம் தள்ளிவிட்டார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் பாதி வீட்டுக் கதவு அவர் கைபட்டது, வயது அறுபதைத் தாண்டியிருக்கும். ‘ஒயின் ரேக்’ என்று நான் சொன்னதும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் வெற்றிலையை மென்றுவிட்டு, “ஏன் தம்பி, கடை கிடை போடப் போறியளா? இப்ப கவர்மென்ட்டுதான நடத்துது” என்று கேட்டார். அவர் மேல் தப்பில்லை. 2003-இல் டாஸ்மாக் சில்லறை விற்பனையை எடுத்துக்கொள்ளும் வரைக்கும் நம் ஊரில் சாராயக் கடைக்குப் பெயரே ஒயின் ஷாப்தானே, உள்ளே ஒயினைத் தவிர எல்லாம் இருக்கும். படம் வரைந்து காட்டினதும்தான் புரிந்தது. “குப்பியப் படுக்கப் போடுததுக்கு ஒரு கட்டில். அப்படிச் சொல்லணும்லா” என்றார்.

வேலை இப்படிப் பிரித்துக்கொண்டோம்: கழுந்தும் (துளைக்குள் செருகுகிற முனை) துளையும் போட்டுக் கூடு மூட்டுவது அவர், குழி போடுவதும் இழைப்பதும் பாலிஷும் நான். நிலைக்காலை மில்லுக்குக் கொண்டுபோகும் முன் காந்தத்தை மேலே ஓட்டிப் பார்த்தது நல்லதாகப் போயிற்று, பெயின்ட்டுக்கு அடியில் ஒன்பது ஆணி. ஒன்று மாவிலை கட்டத் தொங்கவிட்ட கொக்கி, தலை முறிந்து உள்ளேயே கிடந்தது. அறுத்து வந்த பலகை ஒரு இஞ்சுக் கனம், ஐந்து இஞ்சு அகலம். பெயின்ட்டை இழைத்து எடுத்ததும் உள்ளே தேன் நிறத்தில் மரம் எட்டிப் பார்த்தது. நூறு வருஷமாக வாசலில் நின்ற மரம், இனிமேல் காய்வதற்கோ முறுக்குவதற்கோ அதில் ஒன்றும் மிச்சம் இல்லை.

குழி போடுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அரைவட்டமாக ஒவ்வொன்றாக வெட்ட வேண்டியதில்லை. ஐந்து இஞ்சுப் பலகையின் நடுவில் நீளவாக்கில் ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டின் மேல் 110 மில்லிமீட்டருக்கு ஒன்றாக நாலு முழு வட்டம் துளைத்துவிட்டு, அப்புறம் கோட்டோடு பலகையை இரண்டாகக் கிழித்தால் ஒரே வேலையில் நாலு நாலு அரைக்குழியோடு இரண்டு சட்டம். மூன்று அடுக்குக்கு வயிற்றுச் சட்டம் மூன்று, கழுத்துச் சட்டம் மூன்று, ஆக இரண்டுக்கும் இவ்விரண்டு பலகை, ஒவ்வொன்றிலும் ஒரு சட்டம் மிச்சம். அந்த மிச்சம் என்னைக் காப்பாற்றியது.

ஏனென்றால் முதல் பலகையில் ஒரு பாதியை நான் பாழாக்கினேன். 90 மில்லிமீட்டர் வட்ட வாளை டிரில்லில் மாட்டி, பலகையைச் சும்மா காலால் மிதித்துக்கொண்டு ஒரே மூச்சில் மறுபக்கம் வரை இறக்கினேன். பாதியில் புகை வந்தது, கடைசி நூல் கனத்தில் வாள் சட்டென்று கடித்து, டிரில் என் மணிக்கட்டை ஒரு முறுக்கு முறுக்கிவிட்டு நின்றது. பலகையைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் ஒரு விரல் அகலத்துக்கு மரம் பெயர்ந்து கிடக்கிறது. அண்ணாச்சி திட்டவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. பலகையைப் பெஞ்சில் இரண்டு கிளாம்பு போட்டு இறுக்கினார், டிரில்லை மெதுவான வேகத்துக்குத் திருப்பினார், பாதிக் கனம் வரை இறக்கி, நாலு தடவை வெளியே எடுத்துத் தூளைத் தட்டி, நடு ஊசி மறுபக்கம் எட்டிப் பார்த்ததும் நிறுத்தினார். பலகையைப் புரட்டி, அந்த ஊசித் துளையிலேயே வாளை வைத்து இந்தப் பக்கத்திலிருந்து இறக்கினதும் வட்டம் கையோடு கழன்று வந்தது, ஓரத்தில் ஒரு சிலாம்பு இல்லை. மிச்ச வட்டங்களை அப்படியே நான் போட்டேன். கழன்ற வட்டங்களில் நாலைந்தை அம்மா டம்ளருக்கு அடியில் வைக்க எடுத்துக்கொண்டாள்.

கூடு மூட்டினதும் ஒரு பாட்டிலை வைத்துப் பார்த்தேன். எனக்கு மட்டமாகத்தான் தெரிந்தது. அண்ணாச்சி குனிந்து பார்த்துவிட்டு, “கழுத்து ஒரு நூல் தூக்கியிருக்கு” என்றார். எப்படித் தெரியும் என்றால், பாட்டிலுக்குள் இருக்கிற காற்றுக் குமிழைக் காட்டினார். அது கழுத்தில் ஏறி, கார்க்கை ஒட்டி உட்கார்ந்திருந்தது. பாட்டிலே ஒரு ரசமட்டம்தானே, எனக்குத் தோன்றவில்லை. காரணம் என் கணக்கில்தான். இரண்டு சட்டத்தையும் ஒரே உயரத்தில் வைத்தால் போதும் என்று இருந்தேன், ஆனால் 90 குழியில் 76 வயிறு ஏழு மில்லிமீட்டர் தாழ்ந்து உட்காரும், 38 குழியில் 30 கழுத்து நாலுதான் தாழும். மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம், அவர் சொன்ன அதே ஒரு நூல். கார்க் ஒயினில் நனைந்தே இருக்கத்தானே படுக்க வைக்கிறோம், குமிழ் போய் அங்கே உட்கார்ந்தால் இவ்வளவு வேலையும் எதற்கு? முன்பக்கக் கழுத்துச் சட்டங்களைக் கழற்றி அடிப்பக்கம் ஒரு நூல் இழைத்து இறக்கினோம். இப்போது குமிழ் நகர்ந்து வயிற்றுப் பக்கம் நடுவில் வந்து நிற்கிறது. வயிறு பெருத்த பாட்டிலிலும் பார்த்துவிட்டேன், கிட்டத்தட்ட மட்டம்.

தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு, பசை ஒட்டும் இடங்களைத் தின்னர் தொட்ட துணியால் துடைத்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு வருஷத்தில் மூட்டு ஆடும். பாலிஷுக்கு அவர் அரக்கும் ஸ்பிரிட்டும் கலந்த பிரெஞ்சு பாலிஷ்தான் போட வேண்டும் என்றார். அது ஸ்பிரிட்டில் கரைகிற சங்கதி, ஒயின் சொட்டி அப்படியே கிடந்தால் தடம் விழும் என்று நான் ஒத்துக்கொள்ளவில்லை. உப்புத்தாள் 120, அப்புறம் 220 தேய்த்துவிட்டு, லின்சீட் (ஆளி விதை) எண்ணெயை மூன்று முறை பூசி, கடைசியில் தேன்மெழுகு. ஒன்று மட்டும் இங்கே அழுத்திச் சொல்லிவிடுகிறேன்: லின்சீட் தொட்ட துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், அது காயும்போது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும், நம் ஊர் வெயிலுக்குக் கேட்கவே வேண்டாம். வாளித் தண்ணீரில் முக்கி வைத்து, அப்புறம் விரித்துக் காயப்போட்டுத்தான் எறிந்தேன். ரேக்கை இரண்டு வாரம் தார்சாவில் (தாழ்வாரத்தில்) காற்றாட விட்டேன். எண்ணெய் வாசம் போகாமல் மூடின அரங்குக்குள் கொண்டுபோனால் அந்த வாசம் அங்கேயே தங்கிவிடும்.

சுவரோடு பிடிப்பதில் தோற்றேன். சுண்ணாம்புச் சுவரில் துளை போட்டால் மாவாகக் கொட்டுகிறது, பிளாஸ்டிக் பிளக் நிற்கவில்லை, விரல் போகிற ஓட்டைதான் மிச்சம். அதனால் கால்களுக்கு அடியில் முன்னும் பின்னும் நீட்டி இரண்டு பாதக்கட்டை கொடுத்து, கனமான பாட்டில்களைக் கீழ் அடுக்கில் வைத்து, ஆடாமல் நிற்க வைத்திருக்கிறது. பாதத்துக்கு அடியில் கடப்பைக்கல் துண்டுகள், சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி. பழைய வீட்டில் கரையான் தரை வழியாகவும் வரும், சுவர் வழியாகவும் வரும், வந்தால் மண்பாதை கண்ணில் பட வேண்டும். செலவு, மரம் 1,900, மில் கூலி 250, அண்ணாச்சிக்கு இரண்டு நாள் கூலி, எண்ணெயும் மெழுகும் உப்புத்தாளும் ஒரு 600. வட்ட வாள் இரண்டும் இரவல்.

தையில் அக்காவும் அத்தானும் வந்தார்கள். அரங்கு விளக்கைப் போட்டுப் பெருமையாகக் காட்டினேன். அத்தான் ஒவ்வொரு பாட்டிலாகக் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, “ரேக் அருமையா இருக்கு மாப்ள. ஆனா இதுல அஞ்சு பாட்டில் திருகு மூடி. அத நிக்க வச்சாலே போதுமே” என்றார். நான் மூடியை மேலுறை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். கார்க்கிலிருந்து சில பாட்டிலில் நனைந்த அட்டைப்பெட்டி வாடை ஏறிவிடுவதால், 2000-இல் அங்கேயுள்ள கிளேர் பள்ளத்தாக்கில் ரீஸ்லிங் என்கிற வெள்ளை ஒயின் போடுகிற சிலர் ஒன்றாகச் சேர்ந்து திருகு மூடிக்கு மாறினார்களாம், இப்போது ஆஸ்திரேலியாவில் பெரும்பாலும் அதுதான். எட்டில் ஒன்று சித்திரையில் போயிற்று, ஐந்து திருகு மூடி, ஆக நான் குமிழ் பார்த்து நூல் பிடித்து இழைத்ததெல்லாம் இரண்டே பாட்டிலுக்கு. இன்னொன்றும் சொன்னார், 30 டிகிரியில் வருஷக் கணக்கில் வைக்க ஆசைப்படாதே, படுத்தாலும் நின்றாலும் அடுத்த சித்திரைக்குள் குடித்து முடி என்று.

திருகு மூடிகளையும் படுக்கத்தான் வைத்திருக்கிறேன், அதனால் ஒன்றும் கெடாது, குழி காலியாகக் கிடந்தால் பார்க்க நன்றாக இல்லை. அம்மா அதைப் பல்லாங்குழி என்கிறாள்.

பொங்கல் கழிந்து அண்ணாச்சி மீதிக் கூலி வாங்க வந்தார். நாங்கள் திறந்து முடித்த பாட்டில் ஒன்று அடுப்பங்கரைத் திண்டில் காலியாக நின்றது. எடுத்து மூடியை இரண்டு தடவை திருகித் திறந்து, மூடி, தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தார். “இது மாதிரி குப்பி இன்னும் காலியாச்சுன்னா எனக்கு எடுத்து வைங்க தம்பி. டர்ப்பன்டைன் ஊத்தி வைக்க இவ்வளவு இறுக்கமான மூடி நம்ம ஊர்ல எங்க கிடைக்குது” என்று துண்டில் சுற்றிக்கொண்டு போனார்.